பின்சீற்றுக் காற்று

நெடுந்தூரம் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு விண்ட்ஷீல்ட் எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்று கேட்டவர்களுக்கு, ஏழு வருடங்களாக நான் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன்.

"ஏறி இருந்து நேரே பாருங்கோ. கண்ணாடியின்ர மேல்விளிம்பு உங்கட மூக்கு மட்டத்திலை நிக்கவேணும். அதுக்கு மேலயும் வேண்டாம், கீழயும் வேண்டாம்."

ஸ்காபரோவில் கோடைகாலச் சனிக்கிழமைகளில் கூடும் எங்கள் சிறு வட்டத்தில் இந்தக் கேள்வி எப்படியும் மாதம் ஒருமுறை வரும். எனக்குக் காரணமும் சொல்லத் தெரியும். மோட்டார் சைக்கிளின் கண்ணாடிக்கு வைப்பர் கிடையாது. இரவு மழையில், எதிரே வரும் லொறியின் வெளிச்சத்தில், ஈரக் கண்ணாடிக்கூடாகப் பார்த்து ஓடுவது கண்ணை மூடிக்கொண்டு ஓடுவதற்குச் சமம். ஆகவே பார்வை கண்ணாடிக்கு மேலால் போகவேண்டும். விளிம்பில் பட்டு மேலெழும் காற்றோ ஹெல்மெற்றுக்கு மேலால் போகவேண்டும். இரண்டுக்கும் பொருந்தி வருவது மூக்கு மட்டம். அளக்கும்போது வழக்கமாகப் போடும் ஜக்கெற்றையும் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு, வண்டியைத் தட்டையான நிலத்தில் நிமிர்த்திப் பிடித்திருக்க வேண்டும் என்றும் சொல்லுவேன். அளக்கும்போது நிமிர்ந்து இருந்துவிட்டு, ஓடும்போது கூனி இருப்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

பிழையான பதில் அல்ல. ஆனால் அந்தக் கணக்கில் ஓர் ஆள் குறைவு என்பது 2022ஆம் ஆண்டுதான் எனக்குத் தெரியவந்தது.

மோட்டார் சைக்கிள் எனக்குப் புதிதல்ல. ஊரில் ஓடியவன். ஆனால் அங்கே மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் ஓட றோட்டு விடாது. அந்த வேகத்தில் காற்று ஒரு சுகம். கல்யாணம் முடித்த புதிதில் மனைவி சேலையோடு ஒருபக்கமாக இருந்து வருவாள். ஒரு கை என் தோளில், மற்றக் கை மடியில். முன்னால் கண்ணாடி இல்லை, தலையில் ஹெல்மெற் இல்லை. இருவரும் கதைத்துக்கொண்டே போவோம்.

காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது 2015இல்தான் உடம்புக்கு விளங்கியது. பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனபிறகு, வீட்டுக்கடன் ஒருவழிக்கு வந்தபிறகு, 650 சி.சி. ஜப்பான் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். முதல்நாள் 401ஆம் நெடுஞ்சாலையில் எல்லாரும் 120இல் போக நானும் போனேன். 40க்கு 120 மூன்று மடங்கு வேகம். தள்ளுவிசை ஒன்பது மடங்கு. வண்டியோடு வந்த கட்டைக் கண்ணாடி என் நெஞ்சைக் காப்பாற்றியது. தலையைக் கைவிட்டுவிட்டது. யாரோ இரண்டு கையாலும் ஹெல்மெற்றைப் பிடித்து உலுப்புவதுபோல இருந்தது. அரை மணித்தியாலத்தில் எதிரே போகும் காரின் இலக்கத்தகட்டை வாசிக்க முடியவில்லை. கண் ஆடியது.

வாய்க்காலில் ஓடும் நீரில் ஒரு பலகையைக் குறுக்கே செருகினால் பலகைக்குப் பின்னால் நீர் ஏறக்குறைய நிற்கும். மேலால் தாண்டும் நீர் வேகமாக ஓடும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சுழி. கண்ணாடியும் அப்படித்தான். விளிம்புக்கு மேலே சுத்தமான வேகக் காற்று, பின்னால் அமைதியான ஒரு பை, நடுவில் சுழி. தலை முழுவதும் வெளிக்காற்றில் இருந்தால் தள்ளும், ஆனால் உலுப்பாது. தலை முழுவதும் பைக்குள் இருந்தால் தள்ளவும் தள்ளாது. சுழிக்குள் இருக்கும் தலைதான் பாவம்.

என் தலை சுழிக்குள் இருந்தது. பழைய கண்ணாடியைக் கழற்றிக் கராஜ் மூலையில் வைத்துவிட்டு, பத்துச் சென்ரிமீற்றர் உயரமான இன்னொன்றை வாங்கிப் பூட்டினேன். விளிம்பு சரியாக மூக்கு மட்டம். மறுபடி 401இல் ஏறினேன். யாரோ யன்னலைச் சாத்தினதுபோலச் சத்தம் அடங்கியது. அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

2016 ஆவணியில் அந்தக் கண்ணாடியோடு மனைவியை ஏற்றிக்கொண்டு சுப்பீரியர் ஏரிக்கரைக்குப் போனேன். முதல்நாள் சட்பரி, ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இரண்டாம் நாள் 17ஆம் நெடுஞ்சாலையில் சூ செயின்ற் மரி, இன்னொரு 300. மூன்றாம் நாள் வாவா.

இரண்டாம் நாள், பிளைண்ட் ரிவருக்குக் கிட்ட, அவள் என் தோளில் இரண்டு முறை தட்டினாள். இடப்பக்கம் மரங்களுக்கிடையில் ஹூரன் ஏரி வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. ஏரியைக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். கையை உயர்த்திப் பெருவிரலைக் காட்டிவிட்டு வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

அன்றிரவு மோட்டலில் கட்டில் ஓரத்தில் இருந்து இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை. தலையிடிக்குது."

ரைலனோல் இரண்டு எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் வாவாவில், ஊருக்குள் நுழையும் இடத்தில் நிற்கும் பெரிய வாத்துச் சிலைக்குக் கீழே படம் எடுத்தோம். 1960இல் சூ செயின்ற் மரிக்கும் வாவாவுக்கும் இடையில் நெடுஞ்சாலை திறக்கப்பட்டபிறகு, வாகனங்கள் நிற்காமல் போய்விடக்கூடாது என்று ஊர்க்காரர் வைத்த சிலை. நாங்கள் போனபோது அது துருப்பிடித்துப் போயிருந்தது. படத்தில் நான் சிரிக்கிறேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேறெங்கோ பார்க்கிறாள்.

அடுத்த வருடம் கேட்டபோது, "நீங்கள் போட்டு வாங்கோ" என்றாள். அதற்கடுத்த வருடமும் அதே பதில். மூன்றாம் வருடம் நான் கேட்கவில்லை. நண்பர்களிடம், "இவவுக்கு உதிலை விருப்பமில்லை" என்று சொல்லிப் பழகிவிட்டேன். சொல்லச் சொல்ல அதுவே உண்மையுமாகிவிட்டது.

மகளுக்கு எங்கிருந்தோ இந்த ஆசை தொற்றியது. எம்1, எம்2 எல்லாம் தாண்டி 2022இல் முழு உரிமம் எடுத்தாள். ஒரு ஞாயிறு, "அப்பா, உங்கட பைக்கை நான் ஓடுறன், நீங்கள் பின்னால இருங்கோ" என்றாள். அதுவரை என் சொந்த வண்டியின் பின்சீற்றில் நான் ஒருநாளும் இருந்ததில்லை.

404இல் ஏறி வடக்கே கெஸ்விக் பக்கம் போனோம். பிள்ளை நன்றாகத்தான் ஓடினாள். 80 வரை ஒரு குறையும் இல்லை. 90ஐத் தாண்டியதும் ஹெல்மெற்றில் அடி விழத் தொடங்கியது. நேரான அடி என்றால் கழுத்தை விறைத்துத் தாங்கலாம். இது இடதும் வலதும் பின்னாலும் என்று எண்ணமுடியாத வேகத்தில் விழுந்தது. தகரக் கூரைக்குக் கீழே ஆலங்கட்டி மழைக்குள் நிற்பதுபோலச் சத்தம். தலையைக் குனிந்தேன், கூடியது. நிமிர்ந்தேன், இன்னும் கூடியது. மகளின் முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தேன். பின்சீற் முன்சீற்றைவிட உயரம் என்பதால் முடியவில்லை. "மெதுவாப் போ பிள்ளை" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தோளில் இரண்டு முறை தட்டினேன்.

மகள் இடக்கையை உயர்த்திப் பெருவிரலைக் காட்டினாள்.

கெஸ்விக்கில் கோப்பிக் கடை வாசலில் ஹெல்மெற்றைக் கழற்றியபோது காதுக்குள் கீச்சென்ற சத்தம் நிற்கவில்லை.

"எப்படி அப்பா என்ர ஓட்டம்?"

"நல்லா ஓடுறாய்."

"ஏன் ஒரு மாதிரி இருக்கிறீங்கள்?"

நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வேலை செய்யும் தொழிற்சாலையில் காதடைப்பான் இல்லாமல் என்னை உள்ளே விடமாட்டார்கள். ஒன்ராறியோவில் ஒரு தொழிலாளி எட்டு மணித்தியாலத்துக்குக் கேட்கக்கூடிய சராசரிச் சத்தத்தின் எல்லை 85 டெசிபல். மூன்று டெசிபல் கூட, நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணித்தியாலம், 91க்கு இரண்டு. இப்படியே போனால் 100 டெசிபலுக்கு வெறும் பதினைந்து நிமிடம். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெற்றுக்குள் சத்தம் அந்த 100 அளவுக்கு வரும் என்பது எங்கள் வட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் நான் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த பஞ்சு அடைப்பானை வைத்துக்கொண்டு ஓடுவேன். 2016இல் அவளுக்கும் ஒரு சோடி கொடுத்தேன். விரலால் உருட்டி மெல்லியதாக்கி, காதின் மேல்நுனியை இழுத்துப் பிடித்து உள்ளே விடவேண்டும் என்று காட்டிக்கொடுக்கவில்லை. அவள் காது ஓட்டையில் வைத்துப் பார்த்தாள், விழுந்துவிட்டது, பையில் போட்டுவிட்டாள். அதை நான் கண்டேன். கண்டும் வண்டியை எடுத்தேன்.

நான் இருந்தது அரை மணித்தியாலம். அவள் இருந்தது மூன்று நாள் போக, மூன்று நாள் வர.

அன்று பின்னேரம் குசினியில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

"இண்டைக்குப் பின்னால இருந்து போனனான்."

"ம்."

"தலையைப் போட்டு அடிக்குது."

அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"நீர் ஏன் அப்ப எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான்" என்றாள். "உங்களுக்குக் கேக்கேல்லை."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மறுமொழி சொல்ல எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

என் கண்ணாடி செய்த வேலை இதுதான். காற்றை அது இல்லாமல் ஆக்கவில்லை. என் தலைக்கு மேலால் தூக்கி எறிந்தது. எறிந்த காற்று எங்கேயோ போய் விழத்தானே வேண்டும்? எனக்குப் பின்னால், என்னைவிட ஒரு சாண் உயரத்தில், அவளுடைய தலை இருந்தது. நான் பைக்குள், அவள் சுழிக்குள்.

அடுத்த ஞாயிறு அவளை மறுபடி வண்டியில் ஏறச் சொல்லவேண்டியிருந்தது. மகளின் உயரமோ என் உயரமோ அளவுக்கு உதவாது. அவள் என்னைவிட ஐந்து அங்குலம் கட்டை. பின்னால் வருகிறவரை இருத்தாமல் பின்னால் அடிக்கும் காற்றை அளக்க முடியாது. கேட்டேன். "அரை மணித்தியாலம்தான், சொன்னால் நிப்பாட்டுவன்" என்றேன். அடைப்பானை எப்படி வைப்பது என்று இந்த முறை நானே காதில் வைத்துக் காட்டினேன். மகள் இரண்டு ஹெல்மெற்றுக்கும் இன்ரர்கொம் பூட்டிவிட்டாள்.

பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1976இல் ஆர்100ஆர்எஸ் வண்டியை வெளியிட்டபோது அதன் முகப்பை இத்தாலியில் பினின்ஃபரினாவின் காற்றுச் சுரங்கத்தில் வைத்து உருவாக்கியது. எங்களுக்கு 48ஆம் நெடுஞ்சாலையும், ஒரு கட்டு நூல்கம்பளி இழையும், மகனின் காரும் இருந்தன. விரல் நீளத்தில் வெட்டிய இழைகளை அவளுடைய ஹெல்மெற்றைச் சுற்றியும் என் தோளிலும் ரேப்பால் ஒட்டினோம். மகன் காரை ஓட, பக்கத்தில் இருந்த மகள் படம் பிடித்தாள். காற்று ஒழுங்காக ஓடினால் இழை பின்னோக்கி நேராக நிற்கும். சுழியில் அகப்பட்டால் எல்லாப் பக்கமும் துடிக்கும்.

வீட்டில் படத்தைப் போட்டுப் பார்த்தோம். அவளுடைய ஹெல்மெற்றில் இருந்த இழைகள் மேலே, கீழே, சில முன்னோக்கியும்கூட அடித்தன. என் தோளில் இருந்தவை தூங்கின.

கண்ணாடியை இன்னும் உயர்த்தினால் அவளும் பைக்குள் வந்துவிடுவாள் என்பது என் முதல் எண்ணம். தெளிவான பிளாஸ்ரிக் தாளை வெட்டி மேல்விளிம்பில் ஒட்டி ஓடிப்பார்த்தோம். எனக்கு இன்னும் அமைதி; ஆனால் முதுகில் யாரோ கை வைத்து முன்னால் தள்ளுவதுபோல ஒரு உணர்வு. உயரமான கண்ணாடிக்குப் பின்னால் அமுக்கம் குறைகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்பப் பின்னாலிருந்து காற்று வருகிறது. அது வரும் வழியில்தான் அவள் இருக்கிறாள். இன்ரர்கொம்மில், "நிப்பாட்டுங்கோ" என்றாள். நிறுத்தினேன்.

பிறகு பழைய கட்டைக் கண்ணாடியை எடுத்துப் பூட்டினேன். அதன்மேல் பிளாஸ்ரிக் தாளை இரண்டு இரண்டு சென்ரிமீற்றராகக் கூட்டிக்கொண்டு போனோம். ஒவ்வொரு உயரத்துக்கும் ஒரே றோட்டு, ஒரே வேகம். காற்றுப் பலமாக வீசும் நாளில் அளந்தது செல்லாது என்பதால் இரண்டு ஞாயிறு சும்மா போயின. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஒன்றிலிருந்து பத்துக்குள் அவள் ஒரு புள்ளி, நான் ஒரு புள்ளி. மகள் கொப்பியில் எழுதினாள். எனக்குப் பத்து வந்த உயரத்தில் அவளுக்கு மூன்று. அவளுக்கு எட்டு வந்த இடத்தில் எனக்கு ஆறு. இருவருக்கும் பத்து வரும் உயரம் ஒன்று இருக்கவில்லை.

ஒரு சின்ன உதவி கண்ணாடியின் அடியில் கிடைத்தது. போல்ற்றுகளுக்கு இடையில் றப்பர் வாஷர்களை அடுக்கிக் கண்ணாடியைப் பன்னிரண்டு மில்லிமீற்றர் முன்னால் தள்ளினேன். அந்த இடைவெளியால் கொஞ்சக் காற்று பின்னால் ஏறி வெற்றிடத்தை நிரப்ப, துடித்த இழைகள் கொஞ்சம் அடங்கின. அவள் ஒரு கை அளவு முன்னால் நெருங்கி இருந்தபோது இன்னும் அடங்கின. எங்கள் வண்டிக்கு, எங்கள் இருவருக்கும், முடிவு இதுதான்: கட்டைக் கண்ணாடிக்கு மேல் ஆறு சென்ரிமீற்றர். அதாவது நான் வாங்கிய உயரக் கண்ணாடியில் நான்கு சென்ரிமீற்றரை வெட்டவேண்டும். வேறு வண்டிக்கும் வேறு ஆட்களுக்கும் வேறு கணக்கு வரும்.

வெட்டுவதற்கு முன் ஒரு கிழமை யோசித்தேன். அக்ரிலிக் கண்ணாடி, வெட்டினால் ஒட்ட ஏலாது. கராஜ் மேசையில் துவாயை விரித்து, அதன்மேல் கண்ணாடியை வைத்து, வெடிக்காமல் இருக்க வெட்டுக்கோட்டின் இரண்டு பக்கமும் கடதாசி ரேப் ஒட்டினேன். மெல்லிய பல்லுள்ள வாள். அவள் இரண்டு கையாலும் கண்ணாடியை அமத்திப் பிடித்துக்கொண்டாள். வாள் சூடேறினால் அக்ரிலிக் உருகிப் பிடிக்கும் என்பதால் மெதுவாக, நின்று நின்று அறுத்தேன். நான்கு சென்ரிமீற்றர்த் துண்டு பிறைபோல விழுந்தது. மூலைகளை வளைத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தபோது இரவு பத்து மணி. ஏறி இருந்து பார்த்தேன். மேல்விளிம்பு என் நாடிக்கு நேரே நின்றது.

2023 ஆவணியில் மறுபடி 17ஆம் நெடுஞ்சாலை. மாலையில் தங்குமிடம் சேர்ந்ததும் ஈரத் துவாயைக் கண்ணாடியில் பத்து நிமிடம் போட்டு ஒட்டியிருந்த பூச்சிகளை ஊறவைத்துத் துடைப்பது இப்போது அவள் வேலை. தேய்த்தால் கீறும் என்று எனக்கே புத்தி சொல்லுகிறாள்.

சூ செயின்ற் மரியைத் தாண்டினால் நெடுஞ்சாலை ஏரியை ஒட்டி வளைந்து வளைந்து ஏறும். அகாவா குடாப் பக்கம் ஒரு திருப்பத்தில் முழு ஏரியும் ஒருசேரத் தெரிந்தது. இன்ரர்கொம்மில் அவள் கதைத்துக்கொண்டே வந்தாள். தங்கச்சியின் மகனுக்கு எடுத்த கலியாண மண்டபம் சின்னது என்பது, கறுப்பு இலையான் கடித்த இடம், இரவு சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த இடியப்பம் பழுதாகிவிடுமோ என்பது. ஏழு வருடத்துக்கு முந்திய மூன்று நாளில் கதைக்காததையெல்லாம் சேர்த்து வைத்திருந்தவள்போலக் கதைத்தாள். பழைய பயணத்தில் அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டு மௌனமாக வந்தாள் என்று நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

வாவாவின் பழைய சிலையை எடுத்துவிட்டு 2017இல் புதிது வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே மறுபடி படம் எடுத்தோம். முந்திய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நான் முயலவில்லை.

எங்கள் சனிக்கிழமை வட்டத்தில் இப்போதும் கேட்கிறார்கள், விண்ட்ஷீல்ட் எவ்வளவு உயரம் போடலாம் என்று. "பின்னால ஆர் வருவினம்?" என்று முதலில் கேட்கிறேன். ஒருவரும் வரமாட்டார்கள் என்றால் மூக்கு மட்டம். வருவார்கள் என்றால், அவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கோ, நீங்கள் ஒருக்கால் பின்னால் ஏறி இருந்து பாருங்கோ என்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். ஒருவர் போய் இருந்து பார்த்துவிட்டு வந்து ஒன்றும் சொல்லாமல் ஒரு சோடி நல்ல காதடைப்பான் எங்கே வாங்கலாம் என்று கேட்டார்.

நாடி மட்டக் கண்ணாடி எனக்குச் சுகம் என்று சொல்லமாட்டேன். காற்று ஹெல்மெற்றின் மேல்பாதியில் படுகிறது. எதிர்காற்று நாளில் பின்னேரமானால் பிடரி உளையும். மழை பெய்தால் முகக்கண்ணாடியில் நேரே அடிக்கும். வாவாவிலிருந்து திரும்பும் நாள் ஏரிப்பக்கமிருந்து நல்ல காற்று. நான் கழுத்தை இடமும் வலமும் திருப்புவதை அவள் பின்னாலிருந்து கவனித்திருக்க வேண்டும்.

"உங்களுக்குக் காத்துப் படுதோ?" என்றாள் இன்ரர்கொம்மில்.

இல்லை என்று சொல்ல வாய் வந்தது.

"கொஞ்சம்" என்றேன்.

"அப்ப சரி" என்றாள்.